உரிப்பதும் கிழிப்பதும்

கிராபீன் செதில்கள் மிதக்கும் ஒரு புட்டி கறுப்பு நீர்மம் கையில் இருக்கிறது. அதை எதற்குப் பயன்படுத்தலாம் என்பதை அந்தச் செதில்களின் நீளம்தான் தீர்மானிக்கும். இன்க்ஜெட் அச்சுப்பொறியில் ஊற்றி மின்சுற்று அச்சிட வேண்டுமானால், மை உமிழும் துளையின் விட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கைச் செதில்கள் தாண்டக்கூடாது என்பது அச்சுத்துறையில் நெடுநாளாகப் பின்பற்றப்படும் விதி. 20 மைக்ரான் துளைக்கு அது 400 நானோமீட்டர். தாண்டினால் துளை அடைத்துக்கொள்ளும். பிளாஸ்டிக்கில் கலந்து அதை வலுவாக்க வேண்டுமானால் கதை தலைகீழ். பாலிமருக்குள் பதிந்த கிராபீன் செதிலின் மீது இழுவிசை எப்படி ஏறுகிறது என்று 2010-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் அளந்து பார்த்தார்கள். செதில் 30 மைக்ரானுக்கு மேல் இருந்தால்தான் அது சுமையைச் சரியாக வாங்கிக்கொள்ளும் என்று தெரிந்தது. இரண்டு தேவைகளுக்கும் இடையே 75 மடங்கு வித்தியாசம். புட்டியின் மேல் "கிராபீன்" என்று மட்டும் எழுதியிருந்தால் வாங்குபவருக்கு அது எதையுமே சொல்லவில்லை.

இந்த நீளத்தை நம் விருப்பப்படி அமைக்க முடியுமா? கேள்வி எளிது. பதில் கிடைக்கப் பத்தாண்டுக்கு மேல் ஆனது. நானோ அறிவியலில் விளம்பரம் இல்லாமல் நடந்த நல்ல வேலைகளில் இதுவும் ஒன்று என்பது என் எண்ணம்.

கிராபைட் என்பது கார்பன் தாள்களின் அடுக்கு; அதில் ஒற்றைத் தாள்தான் கிராபீன். ஒரு தாளுக்கும் அடுத்த தாளுக்கும் இடைவெளி 0.335 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள கிராபைட்டில் ஏறத்தாழ 30 லட்சம் தாள்கள் இருக்கும். தாளுக்குள் கார்பன் அணுக்களைப் பிணைக்கும் சகப்பிணைப்பு மிக வலுவானது. தாள்களுக்கு இடையே இருப்பது வாண்டர் வால்ஸ் விசை மட்டும், அது பலவீனமானது. 2004-ல் மான்செஸ்டரில் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டான்டின் நோவோசெலோவும் ஒட்டுநாடாவைக் கொண்டு ஒற்றைத் தாளைப் பிரித்தெடுத்ததும், அதற்கு 2010-ல் நோபல் பரிசு கிடைத்ததும் பலருக்குத் தெரியும். ஒட்டுநாடா தருவது அருமையான கிராபீன். ஆனால் அதை வைத்து ஒரு லிட்டர் மை தயாரிக்க முடியாது.

லிட்டர் கணக்கில் தயாரிக்கும் வழி 2008-ல் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் பிறந்தது. ஜொனாதன் கோல்மனின் குழு கிராபைட் தூளை என்-மெத்தில் பைரோலிடோன் என்ற கரைப்பானில் போட்டு மீயொலி அலைகளால் அதிரவைத்தது. பிறகு சென்ட்ரிபியூஜில் சுழற்றி, மேலே தெளிந்த பகுதியை எடுத்துப் பார்த்தபோது அதில் ஒற்றை அடுக்குச் செதில்கள் இருந்தன. ஏன் அந்தக் கரைப்பான்? அதன் பரப்பு இழுவிசை மீட்டருக்குச் சுமார் 40 மில்லிநியூட்டன். அந்த அளவில் கரைப்பானுக்கும் கிராபீனுக்கும் பரப்பு ஆற்றல் ஏறக்குறையப் பொருந்திவிடுகிறது. அதனால் பிரிந்த தாள்கள் திரும்ப ஒட்டிக்கொள்ளத் துடிப்பதில்லை. தண்ணீரின் பரப்பு இழுவிசை 72. வெறும் தண்ணீரில் கிராபீன் நிற்காது. சோப்பு வகைப் பொருள் ஒன்று செதிலைப் போர்த்தி, மின்னூட்டத்தால் ஒன்றையொன்று விலகி நிற்கச் செய்ய வேண்டும். பித்த உப்பான சோடியம் கோலேட் இதற்கு நன்றாகவே உதவுகிறது. கரைப்பான் தேர்வு இன்று வேறொரு காரணத்தாலும் முக்கியம்: என்-மெத்தில் பைரோலிடோன் கருவளர்ச்சிக்குத் தீங்கு செய்வது என்று வகைப்படுத்தப்பட்டு, ஐரோப்பிய ஒன்றியத்தில் கட்டுப்பாட்டுக்குள் இருக்கிறது.

டப்ளினின் முதல் முயற்சியில் கிடைத்தது ஒரு மில்லிலிட்டருக்கு 0.01 மில்லிகிராம் அளவு. மிகக் குறைவு. எனவே இயல்பாகவே அடுத்த யோசனை, இன்னும் நேரம் அதிரவைப்போம் என்பது. 460 மணி நேரம், அதாவது 19 நாள், தொடர்ந்து மீயொலியில் வைத்தபோது செறிவு நூறு மடங்குக்கு மேல் ஏறி மில்லிலிட்டருக்கு 1.2 மில்லிகிராமைத் தொட்டது. அதற்குக் கொடுத்த விலை செதிலின் நீளம். நேரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் நீளம் குறைந்தது: நான்கு மடங்கு நேரம் அதிரவைத்தால் நீளம் பாதியாகும். அளவு வேண்டுமா, நீளம் வேண்டுமா என்று தேர்ந்துகொள்ள வேண்டிய நிலை.

இது தற்செயலான குறை அன்று. மீயொலி நீர்மத்தில் நுண்குமிழ்களை உண்டாக்குகிறது. அவை நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் சுருங்கி உடையும்போது அதிர்வலைகளும் நீர்த் தாரைகளும் பாய்கின்றன. அந்தத் தாக்கம் தாள்களுக்கு நடுவே மட்டும் நுழைந்து நேர்த்தியாகப் பிரித்துவிட்டுப் போவதில்லை. மான்செஸ்டர், டப்ளின் ஆய்வாளர்கள் சேர்ந்து 2020-ல் வெளியிட்ட ஆய்வு, உள்ளே நடப்பதைப் படிப்படியாகப் படம்பிடித்துக் காட்டியது. முதலில் பெரிய கிராபைட் துண்டு உடைகிறது. அதன் மேற்பரப்பில் மடிப்புக் கோடுகள் விழுகின்றன. அந்தக் கோடுகளின் வழியே விரிசல் ஓடுகிறது. விரிசலில் கரைப்பான் புக, மெல்லிய பட்டைகள் கழன்று வருகின்றன. அந்தப் பட்டைகள்தாம் கடைசியில் கிராபீனாகப் பிரிகின்றன. ஆக, கிழிதல் முந்துகிறது. உரிதல் பின்னால் வருகிறது. கிழியாமல் உரிய வேண்டும் என்ற ஆசைக்கு இந்த முறையில் இடமே இல்லை.

சுவரில் பசை போட்டு ஒட்டிய பெரிய சுவரொட்டியை முழுதாக உரிக்க முயன்றவர்களுக்கு இது புரியும். ஒட்டியிருக்கும் பரப்பு பெரிதாக இருந்தால், தாள் வருவதற்கு முன் கிழிந்துவிடும். பலவற்றைச் சேர்த்து ஒட்டிய தடித்த அடுக்கு கிழியாமல் பெரிதாக வரும். மெல்லிய ஒற்றைத் தாள் சிறு துண்டுகளாகத்தான் வரும். உரிப்பதற்கு ஆகும் ஆற்றல் பரப்பளவைப் பொறுத்தது. கிழிப்பதற்கு ஆகும் ஆற்றல் கிழிசலின் நீளத்தையும் தடிமனையும் பொறுத்தது. கிளாடியா பாக்கெஸும் கோல்மனும் மற்றவர்களும் 2019-ல் பல வகை அடுக்குப் பொருள்களின் செதில்களை அளந்து, இந்த இரண்டு ஆற்றல்களும் சராசரியாகச் சமமாகப் பங்கிடப்படுகின்றன என்று காட்டினார்கள். அதிலிருந்து வரும் முடிவு முக்கியமானது: நீர்மத்தில் உரித்த செதில்களில் நீளமும் தடிமனும் தனித்தனியாக அலைவதில்லை. நீளமானவை தடித்தவை. மெல்லியவை குட்டையானவை. ஒரு பொருளின் உள்பிணைப்பும் அடுக்குப் பிணைப்பும் எந்த விகிதத்தில் இருக்கின்றனவோ, அந்த விகிதமே அதன் செதில் எவ்வளவு அகலமாகவும் மெல்லியதாகவும் வர முடியும் என்பதைத் தீர்மானிக்கிறது. கிராபீன் இந்த வரிசையில் நல்ல இடத்தில் இருக்கிறது. ஆனாலும் கட்டுப்பாட்டிலிருந்து அது தப்பிவிடவில்லை. இலங்கையின் போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் கிடைக்கும் தூய நரம்புக் கிராபைட்டை எடுத்தாலும் சரி, சிவகங்கையின் செதில் கிராபைட்டை எடுத்தாலும் சரி, இந்த விகிதம் மாறாது.

மீயொலிக்குப் பதிலாக நீர்மத்தை வேகமாகக் கலக்கியும் உரிக்கலாம். கோல்மன் குழு 2014-ல் கண்டது இது: அடுத்தடுத்த நீர்ப்படலங்கள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கும் வீதம் நொடிக்குப் பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டால் போதும், கிராபைட் உரியத் தொடங்கும். அதற்குச் சிறப்புக் கருவி தேவையில்லை. சமையலறை மிக்சி அந்த வீதத்தை எட்டும். சாதாரண மிக்சியும் பாத்திரம் கழுவும் சோப்பு நீர்மமும் கொண்டு கிராபீன் தயாரித்த அதே ஆண்டின் ஆய்வுக் கட்டுரைக்கு முதல் ஆசிரியர், அதற்கு முன் சென்னை ஐஐடியில் ஆய்வு செய்த ஈஸ்வரய்யா வர்லா. பெரிய தொட்டிகளில் நூற்றுக்கணக்கான லிட்டர் வரை இந்த முறையை வளர்த்தெடுக்க முடியும் என்பது இதன் பலம். ஆனால் மிக்சியிலிருந்து வருவதும் பல அளவுகள் கலந்த கூட்டம்தான். உரிக்கும் கட்டத்தில் அளவைக் கட்டுப்படுத்துவதற்கு ஓர் எல்லை உண்டு. உண்மையான கட்டுப்பாடு உரித்த பிறகு, பிரித்தெடுக்கும் கட்டத்தில்தான் இருக்கிறது.

பிரித்தெடுப்பது சென்ட்ரிபியூஜின் வேலை. அது எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு மைக்ரான் அகலமும் பத்து அடுக்குத் தடிமனும் உள்ள ஒரு செதிலை எடுத்துக்கொள்வோம். கிராபைட்டின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.2 கிராம், என்-மெத்தில் பைரோலிடோனுக்கு 1.03. செதில் கீழே இறங்கத்தான் வேண்டும். ஆனால் அதன் எடை மிகச் சிறியது, நீர்மத்தின் தடை பெரியது. தோராயக் கணக்கில், புவியீர்ப்பு மட்டும் இழுத்தால் அந்தச் செதில் ஒரு சென்டிமீட்டர் இறங்கச் சுமார் 50 நாள் ஆகும். சென்ட்ரிபியூஜில் புவியீர்ப்பைப் போல் 1000 மடங்கு விசை கொடுத்தால் அதே தூரத்தை ஒன்றேகால் மணி நேரத்தில் கடந்துவிடும். இன்னும் சிறிய செதில்களை மூலக்கூறுகளின் ஓயாத மோதல் எந்நேரமும் கலக்கிக்கொண்டே இருக்கும். அவை தாமாக இறங்குவதே இல்லை என்று சொல்லலாம்.

இந்தக் கணக்குக்குள் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. தட்டையான செதிலின் எடை, நீளத்தின் வர்க்கத்தையும் தடிமனையும் சேர்த்துப் பெருக்கியதற்கு ஏற்ப அமையும். நீர்மத்தின் தடையோ நீளத்துக்கு மட்டும் ஏற்ப வளரும். வகுத்துப் பார்த்தால், இறங்கும் வேகம் நீளத்தையும் தடிமனையும் பெருக்கிய தொகைக்கு நேர்விகிதம். அப்படியானால் நீளமான மெல்லிய செதிலும், குட்டையான தடித்த செதிலும் ஒரே வேகத்தில் இறங்கலாம். சென்ட்ரிபியூஜுக்கு அவற்றிடையே வேறுபாடு தெரியாது. இருந்தும் இந்த முறை பலன் தருவதற்குக் காரணம், முன்பு சொன்ன அந்தப் பிணைப்புதான்: உரித்த செதில்களில் நீளமானவை பெரும்பாலும் தடித்தவை. ஒன்றைப் பிரித்தால் மற்றதும் சேர்ந்து பிரிகிறது.

தொடக்க ஆண்டுகளில் ஆய்வகங்கள் செய்தது ஒற்றைச் சுழற்சி. சுழற்றுவது, மேலே மிதப்பதை எடுத்துக்கொள்வது, அடியில் படிந்த வண்டலைக் கொட்டிவிடுவது. வண்டலில் இருப்பது உரியாத கிராபைட் என்று நினைத்தார்கள். அதில் உண்மையும் உண்டு. ஆனால் நன்றாக உரிந்த பெரிய செதில்களும் அதோடு சேர்ந்து வெளியே போய்க்கொண்டிருந்தன. உமர் கானும் கோல்மனும் உடன் பணியாற்றியவர்களும் 2012-ல் இந்த வரிசையைத் திருப்பிப் போட்டார்கள். முதலில் மிக வேகமாகச் சுழற்று. மேலே மிதக்கும் பொடிச் செதில்களை அகற்று. அடியில் இருக்கும் வண்டலைப் புதிய கரைப்பானில் மறுபடி கலக்கு. இந்த முறை வேகத்தைக் குறைத்துச் சுழற்று. இப்போது மேலே மிதப்பவை முதல் சுற்றில் தப்பாத நடுத்தரச் செதில்கள். இன்னும் குறைத்தால் இன்னும் பெரியவை. நிமிடத்துக்கு 3000 சுற்றில் முடித்தபோது சராசரி நீளம் ஒரு மைக்ரான். 500 சுற்றில் முடித்தபோது 3.5 மைக்ரான். எந்தப் புதுக் கருவியும் வாங்காமல், செய்யும் வரிசையை மட்டும் மாற்றி மூன்றரை மடங்கு நீளத்தைக் கைக்குள் கொண்டுவந்தது எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த வேலை.

2016-ல் பாக்கெஸ் குழு இதை மறுமுனையிலிருந்து விரிவாக்கியது. அது படிப்படிச் சுழற்சி. முதலில் மெதுவாகச் சுழற்றி, உரியாத கிராபைட்டை ஒதுக்கிவிடுவது. மேலே உள்ளதை அடுத்த வேகத்தில் சுழற்றி, அங்கே படிவதைத் தனியே எடுத்து வைப்பது. மேலே மிஞ்சியதை இன்னும் வேகமாகச் சுழற்றுவது. ஒவ்வொரு படிவிலும் இருப்பவை இரண்டு வேகங்களுக்கு நடுவே அகப்பட்ட செதில்கள்; எனவே அவற்றின் அளவு ஓரளவு சீராக இருக்கும். டங்ஸ்டன் டைசல்பைடு என்ற வேறொரு அடுக்குப் பொருளில், முதல் நீர்மத்தில் அரிதாக இருந்த ஒற்றை அடுக்குகளின் கன அளவுப் பங்கை இந்த வழியில் 75 சதவீதம் வரை உயர்த்த முடிந்தது. இன்னொரு நன்மையும் உண்டு: படிவைக் கொஞ்சம் நீர்மத்தில் மறுபடி கலக்கினால் செறிவு ஏறும், வேண்டுமானால் அப்போதே கரைப்பானையும் மாற்றிக்கொள்ளலாம்.

செய்முறையில் இது புத்தகத்தில் இருப்பதுபோல் சுத்தமாக நடப்பதில்லை. குழாயின் மேல் பகுதியில் இருந்த பெரிய செதில் அடியைத் தொட நெடுந்தூரம் போக வேண்டும். அடிக்கு அருகிலேயே இருந்த சிறிய செதில் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே படிந்துவிடும். ஆகவே முதல் படிவில் எப்போதும் சிறியவையும் கலந்திருக்கும். படிவை மறுபடி கலக்கி அதே வேகத்தில் மீண்டும் சுழற்றினால்தான் அவை விலகும். குழாயில் எவ்வளவு உயரத்துக்கு நீர்மம் ஊற்றினோம் என்பதும் முடிவை மாற்றும். ஆய்வுக் கட்டுரைகளில் நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்று மட்டும் எழுதிவிட்டு நகர்வது தவறான வழக்கம் என்றே நினைக்கிறேன். விசை சுழற்சியின் வர்க்கத்தோடும் ஆரத்தோடும் சேர்ந்து வளர்கிறது. பத்து சென்டிமீட்டர் ஆரமுள்ள சுழலியில் 3000 சுற்று என்பது புவியீர்ப்பின் 1000 மடங்கு. 500 சுற்று என்பது 28 மடங்குதான். ஆரம் இரட்டித்தால் விசையும் இரட்டிக்கும். ஒரு ஆய்வகத்தின் 3000 இன்னொரு ஆய்வகத்தின் 3000 அல்ல. மீயொலித் தொட்டியிலும் இதே சிக்கல் உண்டு: குடுவையைத் தொட்டியில் எந்த இடத்தில் வைக்கிறோம், தண்ணீர் எவ்வளவு சூடேறியிருக்கிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறும்.

நீளத்தைப் பொருட்படுத்தாமல் தடிமனை மட்டும் பார்த்துப் பிரிக்க வேண்டுமானால் வேறொரு வழி இருக்கிறது. 2009-ல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் கிரீனும் மார்க் ஹெர்சமும் குழாயில் அடியிலிருந்து மேலே வர வர அடர்த்தி குறையும் நீர்மத்தை அமைத்து, அதில் சோடியம் கோலேட் போர்த்திய கிராபீனை மிக வேகமாகச் சுழற்றினார்கள். ஒவ்வொரு செதிலும் தன் அடர்த்திக்குச் சமமான மட்டத்தில் போய் நின்றது. மெல்லிய செதிலில் கிராபீனைவிடப் போர்வையின் பங்கு கூடுதல். அதனால் அது இலேசாகி மேலே நிற்கிறது. அழகான முறை. ஆனால் விலையும் நேரமும் அதிகம்; கிடைப்பதோ சொற்பம். தொழிற்சாலைக்கு ஏற்றதென்று சொல்ல மாட்டேன்.

பிரித்தாகிவிட்டது. அளந்து பார்ப்பது எப்படி? அணுவிசை நுண்ணோக்கியில் செதில்களைப் பரப்பி ஒவ்வொன்றாக, நூற்றுக்கணக்கில் அளப்பது நம்பகமான வழி. ஆனால் அதிலும் பொறி உண்டு. ஒற்றை அடுக்கின் தடிமன் 0.335 நானோமீட்டராக இருந்தும், மேலே ஒட்டிய கரைப்பானும் சோப்பும் சேர்ந்து ஏறத்தாழ ஒரு நானோமீட்டர் காட்டும். அதைத் திருத்தாமல் எண்ணினால் ஒற்றை அடுக்கை மூன்று அடுக்கு என்று எழுதிவிடுவோம். இன்னொரு வழி, 1928-ல் கல்கத்தாவில் சி. வி. ராமன் கண்ட அந்தச் சிதறல் விளைவு. கிராபீனின் ராமன் நிறமாலையில் 1350 அலைஎண் அருகே டி முகடும், 1580 அருகே ஜி முகடும் தெரியும். குறையற்ற தாளில் டி முகடு எழாது. தாளின் விளிம்பில் எழும். செதில் சிறுக்கச் சிறுக்க, பரப்போடு ஒப்பிட விளிம்பின் பங்கு கூடும். டி முகடும் உயரும். முகடுகளின் விகிதத்தைப் பார்த்தே சராசரி நீளத்தை மதிப்பிடலாம். நீர்மத்தை அப்படியே ஒளியில் வைத்து, புறஊதா ஒளியை அது எப்படி மறிக்கிறது என்று பார்த்து நீளத்தையும் தடிமனையும் கணிக்கும் சூத்திரங்களை டப்ளின் குழுவினர் 2016-ல் கிராபீனுக்கு வகுத்தார்கள். சில நிமிட வேலை. தயாரிப்புக் கூடத்துக்கு உகந்தது இதுதான்.

"சராசரி" என்ற எண்ணையும் கவனமாகப் படிக்க வேண்டும். ஒரு செதில் மற்றதைவிட நீளம், அகலம், தடிமன் மூன்றிலும் பத்து மடங்கு பெரிது என்றால் அதன் எடை ஆயிரம் மடங்கு. ஆயிரம் சிறிய செதில்களுக்கு நடுவே அப்படி ஒன்றே ஒன்று இருந்தாலும் புட்டியின் எடையில் பாதி அதற்குள் போய்விடும். எண்ணிக்கைக் கணக்கில் புட்டி முழுக்க மெல்லிய கிராபீன். எடைக் கணக்கில் பாதி கிராபைட். இரண்டும் உண்மை. எடைக்குக் காசு கொடுக்கும் வாங்குபவருக்கு இரண்டாவது கணக்கைச் சொல்வதே நேர்மை.

சந்தையில் என்ன நடந்தது என்பதைச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் அந்தோனியோ காஸ்ட்ரோ நேட்டோ குழு 2018-ல் வெளியிட்டது. உலகெங்கும் 60 நிறுவனங்களிடமிருந்து கிராபீன் வாங்கிச் சோதித்தார்கள். பெரும்பாலானவற்றில் பத்து அடுக்குக்கு உட்பட்ட கிராபீனின் பங்கு பத்து சதவீதத்துக்கும் கீழ். ஒன்றில்கூட 50 சதவீதத்தைத் தாண்டவில்லை. மீதி எல்லாம் நுண்ணிய கிராபைட் தகடுகள். கிராபீன் கலந்தும் பலன் தெரியவில்லை என்று பல தொழில்கள் கைவிரித்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்க வேண்டும்; அவர்கள் சோதித்தது கிராபீனே அல்ல. அளவிடும் முறைகளுக்கான ஐஎஸ்ஓ தொழில்நுட்ப விதிமுறை 2021-ல் வெளிவந்தது. தூளாக வந்தாலும் நீர்மத்தில் மிதந்து வந்தாலும், செதிலின் நீளத்தையும் தடிமனையும் எப்படி அளக்க வேண்டும் என்று அது வரையறுக்கிறது. இதை விற்பவர்கள் தாமாகப் பின்பற்றும் வரை காத்திராமல் வாங்குபவர்கள் வற்புறுத்திக் கேட்க வேண்டும்.

தொடக்கத்தில் சொன்ன 30 மைக்ரான் இன்னும் பாக்கி இருக்கிறது. எவ்வளவு சாமர்த்தியமாகச் சுழற்றினாலும், புட்டியில் இல்லாத செதிலைப் பிரித்தெடுக்க முடியாது. நீளமாகவும் மெல்லியதாகவும் வேண்டுமானால் உரிக்கும் முறையையே மாற்ற வேண்டும். ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் கிளாவுஸ் மியூலன் குழு 2014-ல் அப்படி ஒன்றைச் செய்தது. அம்மோனியம் சல்பேட் கரைத்த தண்ணீரில் கிராபைட்டை நேர்மின்வாயாக வைத்து 10 வோல்ட் கொடுத்தார்கள். முதலில் விளிம்புகள் ஆக்சிஜனேற்றம் அடைந்து திறக்கின்றன. அதன் வழியே தண்ணீரும் சல்பேட் அயனிகளும் தாள்களுக்கு நடுவே நுழைகின்றன. அங்கே வாயுக்கள் உண்டாகி, தாள்களை உள்ளிருந்தே தள்ளிப் பிரிக்கின்றன. வெளியிலிருந்து இழுப்பதற்குப் பதில் உள்ளிருந்து தள்ளுவதால் கிழிசல் குறைகிறது. 85 சதவீதத்துக்கு மேல் மூன்று அடுக்குக்கு உட்பட்டவை. நீளம் 44 மைக்ரான் வரை. ஈடாகத் தாளில் கொஞ்சம் ஆக்சிஜன் ஒட்டிக்கொள்கிறது; மின்கடத்தும் திறன் அந்த அளவுக்குக் குறையும். பாலிமருக்கு வலுவூட்டும் வேலைக்கு அது பெரிய தடை அல்ல. தடை அடுத்த படியில் இருக்கிறது: இப்படிக் கிடைத்த செதில்களைக் கரைப்பானில் பரப்ப மறுபடி மீயொலி தேவைப்படுகிறது. மிதமாக, சில நிமிடங்களுக்கு மட்டும். கூடுதலாக வைத்தால் 44 மைக்ரான் செதிலும் மடிப்பு விழுந்து கிழியத் தொடங்கும்.